பிரான்சிஸ் போட்ட லேடி டாக்டர் சட்டம்

ஓடைப்பட்டியில் பிரான்சிஸ் என்றொரு திராட்சை விவசாயி, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், தன் வீட்டுக் கூடத்தில் பதினெட்டுப் பேர் முன்னிலையில் தனக்கு எதிராகத் தானே ஜெபம் செய்துகொண்டார். அது எப்படி நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதை நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பதற்கு அன்பியம் என்று பெயர். பிரான்சிஸ் அதற்குப் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றால் பெரிய அதிகாரம் ஒன்றும் கிடையாது. பாட்டை எடுத்துக் கொடுக்கலாம். யாருக்கு டீ போகவில்லை என்று பார்க்கலாம். ஒவ்வொருவராகத் தங்கள் மன்றாட்டைச் சொல்லி முடித்ததும் "ஆண்டவரே" என்று குரல் கொடுக்கலாம். மற்றவர்கள் சேர்ந்து "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முடிப்பார்கள். அந்த "ஆண்டவரே"வைப் பிரான்சிஸ் சொல்கிற தோரணையே தனி. அதற்காகத்தான் ஒன்பது வருஷமாகப் பொறுப்பாளர் நாற்காலியை விடாமல் இருக்கிறார் என்று பேசிக்கொள்பவர்களும் உண்டு.

அன்றைக்கு ஒருவர் மழைக்கு மன்றாடினார். ஒருவர் மகன் பரீட்சைக்கு மன்றாடினார். மூன்றாவது, பிரான்சிஸின் மனைவி அருள்செல்வி. வழக்கமாக உலக சமாதானத்துக்கு மன்றாடிவிட்டு உட்கார்ந்துவிடுகிறவள். அன்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கணீரென்று சொன்னாள்.

"எனக்கு ஒரு வருசமா உடம்புக்கு முடியல. ரத்தமெல்லாம் போயி, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. எனக்கு எந்த டாக்டர் பிடிச்சிருக்கோ அந்த டாக்டர்ட்ட நான் காட்டிக்கிற மாதிரி எங்க வீட்டுக்காரக மனச இளக்கணும்னு ஆண்டவரை மன்றாடுறேன்."

பதினெட்டுத் தலைகளும் பொறுப்பாளர் பக்கம் திரும்பின. அடுத்து வாய் திறக்கவேண்டியவர் அவர்தான். திறக்காமல் விட்டால் அந்த மன்றாட்டு பாதியில் நிற்கும். மாதா படத்துக்கு முன்னால் யார் அப்படி நிறுத்துவார்கள்?

"ஆண்டவரே" என்றார் பிரான்சிஸ். குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

இவ்வளவு சத்தமாக அந்த அன்பியம் மழைக்குக்கூட மன்றாடியதில்லை. பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் அன்பியத்தில் இல்லை. அவள் கும்பிடுவது மாரியம்மனை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அவளும் சேர்ந்துகொண்டு "கேட்டருளும்" என்றாள்.

கூட்டம் கலைந்ததும் பிரான்சிஸ் கதவைச் சாத்தினார்.

"ஏத்தா, வீட்டுப் பேச்சையா கொண்டு போயி ஆண்டவர்ட்ட வைப்ப?"

"வேற எங்கன வைக்கச் சொல்றீக? உங்ககிட்ட எட்டு மாசமா வச்சுப் பாத்துட்டேன். நீங்க கேட்டருளல."

"நான் என்ன, டாக்டர்ட்டயே போகாதன்னா சொன்னேன்? லேடி டாக்டர்ட்டப் போன்னுதான சொல்றேன். பொம்பளைக்குப் பொம்பளை டாக்டரு, ஆம்பளைக்கு ஆம்பளை டாக்டரு. இது இந்த வீட்டுச் சட்டம்."

"எப்பப் போட்டது?"

"இப்ப."

"நம்ம கொடியில சாம்பல் நோய் விழுந்தப்ப ஒரு ஆபீசரம்மாவத்தான கூட்டிட்டு வந்தீக? பந்தலுக்குக் கீழ குனிஞ்சு குனிஞ்சு இலையெல்லாம் புரட்டிப் பாத்தாகளே, அப்ப நம்ம கொடி பொம்பளையா?"

"கொடியும் நீயும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லைங்க. கொடி வாடுனா மறுநாளே ஆள் வந்துருச்சு."

பதில் இல்லாத இடங்களில் பிரான்சிஸ் தண்ணீர் குடிப்பது வழக்கம். இரண்டு சொம்பு குடித்தார்.

அருள்செல்விக்குப் பிடித்த டாக்டர், சின்னமனூரில் இருக்கும் அஜய்குமார். பெண்கள் வைத்தியத்துக்கே படித்தவர். நாற்பது வயசு. ஆண். இந்தக் கடைசி விவரம்தான் பிரான்சிஸுக்குச் செரிக்கவில்லை.

"அந்தாளுட்ட அப்படி என்னத்தக் கண்ட?"

"மூத்தவ பிரசவத்துக்கு ஒரு லேடி டாக்டரம்மாதான் பாத்தாக. வலிக்குதுன்னதுக்கு என்ன ஏச்சு! நானும் ரெண்டு பெத்தவதான், எனக்குத் தெரியாதாங்குறாக. அவுகளுக்கு வலிச்சது அவுகளுக்குத் தெரியும். எனக்கு வலிச்சது எனக்குத்தான தெரியும்? இந்த டாக்டரு என்னன்னு கேட்டுட்டு, நாம சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டாராம். அவருக்குக் கர்ப்பப்பை இல்லைல்ல. தெரியாததால கேக்குறாரு."

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது."

ஜன்னலுக்கு வெளியே, மதிலுக்கு மேல் சந்தனம்மாள் தலை தெரிந்தது. "ஏண்ணே, என்னையக் கேட்டா நான் சாகுற வரைக்கும் லேடி டாக்டர்தான். ஆம்பளை டாக்டர் முன்னால எனக்குக் காய்ச்சல்னுகூட வாய் வராது."

பிரான்சிஸ் துள்ளி எழுந்தார். "கேட்டுக்கிட்டியா! நல்லாக் கேட்டுக்க!"

"பொறுங்கண்ணே, முடிக்கல. அது என் உடம்பு, என் இஷ்டம். இவ உடம்புக்கு இவ இஷ்டம். நடுவுல நீங்க யாருண்ணே?"

பிரான்சிஸ் மூன்றாவது சொம்புக்குப் போனார்.

அவர் மனசைத் திறந்து பார்த்தால் அதற்குள் சட்டம் ஒன்றும் இல்லை. டீக்கடையில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற யோசனை கொஞ்சம் இருந்தது. அதற்கு அடியில் பயம் இருந்தது. அருள்செல்வி வெளுத்துக்கொண்டு வருவது அவர் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே அப்படியே உட்கார்ந்திருப்பாள். துணி துவைத்துவிட்டுக் கல்லிலேயே தலைசாய்த்துக்கொள்வாள். டாக்டரிடம் போனால் டாக்டர் ஏதாவது சொல்லிவிடுவாரே! லேடி டாக்டர் வேண்டும் என்று சண்டை பிடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் எந்த டாக்டரிடமும் போகவேண்டியதில்லை. எட்டு மாதம் இப்படியே ஓட்டிவிட்டார். சண்டையில் ஜெயிக்கவேண்டும் என்றுகூட அவருக்கு ஆசையில்லை, அது முடியாமல் இருந்தால் போதும்.

சனிக்கிழமை காலையில் அருள்செல்வி சண்டையை முடித்துவிட்டாள்.

"சரிங்க. லேடி டாக்டர்ட்டயே போவோம்."

பிரான்சிஸ் தோசையை வாயில் வைத்தபடி நின்றார். "நெசமாவா?"

"தேனியில வேல்விழின்னு ஒரு டாக்டரம்மா இருக்காக. சந்தனம் மதினி அவுககிட்டத்தான் காட்டுது. ஒண்ணே ஒண்ணு, நீங்களும் கூட வரணும். உள்ள வரைக்கும்."

"வர்றேன். என்ன வந்துச்சு!"

இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன், அருள்செல்வி இவ்வளவு சீக்கிரம் "சரிங்க" என்றால் எழுந்து ஓடியிருக்கவேண்டும். பிரான்சிஸ் ஓடவில்லை. வெள்ளை வேட்டி எடுத்துக் கட்டிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு, ஜெயித்த வேட்பாளர் மாதிரி பஸ் ஏறினார்.

தேனியில் அந்த ஆஸ்பத்திரியில் முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கொண்டுவந்துவிட்ட ஆண்கள் எல்லாரும் வெளியே வேப்பமரத்தடியில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிரான்சிஸும் நைசாக அந்தப் பக்கம் நகர்ந்தார். அருள்செல்வி சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். முப்பது பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் கர்ப்பப்பைப் படம் கலரில் மாட்டியிருந்தது. அவர் தரையைப் பார்த்தார்.

டாக்டர் வேல்விழி சின்ன உருவம், பெரிய கண்ணாடி. அருள்செல்வியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே பிரான்சிஸ் பக்கம் திரும்பினார். வரும் புருஷர்களை எல்லாம் உட்கார வைத்துக் கேள்வி கேட்பது அவர் வழக்கம். சந்தனம்மாளின் புருஷன் ஒருதரம் உள்ளே போய்விட்டு வந்து, இனி தேனிப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொன்ன கதை பிரான்சிஸுக்குத் தெரியாது. அருள்செல்விக்குத் தெரியும்.

"சொல்லுங்க சார். அம்மாவுக்கு என்ன பண்ணுது?"

"அது... பொம்பளைக சமாச்சாரம் டாக்டரம்மா."

"அது தெரியுது. எத்தனை நாளா?"

"ஒரு ரெண்டு மூணு..."

"நாளா, வாரமா, மாசமா?"

பிரான்சிஸ் அருள்செல்வியைப் பார்த்தார். அவள் மேஜை மேலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு மாசம்" என்றாள் கடைசியில்.

"பதினோரு மாசமா ஒரே வீட்ல இருக்கீங்களா சார்?"

"இருக்கேன் டாக்டரம்மா."

"சரி. குடும்பக் கட்டுப்பாடு யாரு பண்ணிக்கிட்டது?"

"அவதான்."

"உங்களுக்குன்னா கால் மணி நேர வேலை. ஏன் நீங்க பண்ணிக்கல?"

"அப்ப... அப்பக் கவாத்து வெட்டுற நேரம் டாக்டரம்மா. கொடிய விட்டு நகர முடியல."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். என்னத்தை எழுதினாரோ! பிரான்சிஸின் பவுடர் கரைந்து கழுத்துக்கு வந்துவிட்டது. அடுத்து டாக்டர் கேட்ட இரண்டு கேள்விகளை இங்கே எழுதுவதற்கில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் கேட்டுக்கொள்ளவே கூச்சமான கேள்விகள். "ம்" என்று ஒன்றுக்கும் "ம்ஹும்" என்று ஒன்றுக்கும் சொன்னார். எதற்கு எதைச் சொன்னோம் என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

அப்போதுதான் அருள்செல்வி வாயைத் திறந்தாள்.

"டாக்டரம்மா, இவுகளுக்கும் ஒரு வீக்கம் இருக்கு."

"ஏய்!"

"அடிவயித்துக்குக் கீழ. அங்கன. தோட்டத்துல மருந்தடிக்கிற தொட்டியத் தூக்குனா பந்து மாதிரி வெளிய வருது. ரெண்டு வருசமாச்சு. எவர்ட்டயும் காட்ட மாட்டேங்குறாக."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "குடலிறக்கமா இருக்கும். அத இப்படி விடக்கூடாது சார். சர்ஜனுக்கு எழுதித் தர்றேன். அதுக்கு முன்னால நானும் ஒரு பார்வை பாத்துடறேன். அந்தக் கட்டில்ல படுங்க, வேட்டியக் கொஞ்சம் தளத்திக்கங்க. சிஸ்டர், அந்தத் திரைய இழுங்க."

பிரான்சிஸ் இரண்டு கையாலும் வேட்டி முடிச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கதவுப் பக்கம் ஒரு நர்ஸ் நின்றாள். திரைப் பக்கம் இன்னொரு நர்ஸ் நின்றாள். அந்த அறையிலும் மாட்டியிருந்த கர்ப்பப்பைப் படத்தோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"வேணாம் டாக்டரம்மா. நான் ஆம்பளை டாக்டர்ட்டக் காட்டிக்கிறேன்."

"நான் டாக்டர்தான் சார். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. எனக்குத்தான் உசுரு போகுது!"

டாக்டர் பேனாவை வைத்தார். சிரிக்கவில்லை. "சரி. உங்களுக்குக் கூச்சமா இருந்தா நான் தொடமாட்டேன். உங்க உடம்பு, யார் பாக்கணும்னு நீங்கதான் சொல்லணும். அம்மா உடம்ப யார் பாக்கணும்?"

பிரான்சிஸ் வேட்டியைப் பிடித்தபடியே மனைவியைப் பார்த்தார். பகல் வெளிச்சத்தில், முகத்துக்கு நேரே, அவளை அவர் அப்படி நின்று பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவருக்குச் சட்டென்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"அவ சொல்றதுதான் டாக்டரம்மா" என்றார்.

அவரை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் அருள்செல்வியைப் பரிசோதித்தார். பிறகு இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். கர்ப்பப்பையில் கட்டி. பயப்படும்படியான கட்டியாகத் தெரியவில்லை. ஆனால் உடம்பில் ரத்தம் ரொம்பக் கம்மி, இனி தள்ளிப்போடக்கூடாது, ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது. எங்கே செய்துகொண்டாலும் சரி, சீக்கிரம் செய்துகொள்ளுங்கள் என்றார். பிரான்சிஸ் கையில் சர்ஜனுக்கு ஒரு சீட்டையும் கொடுத்தார். ஆம்பளை சர்ஜன் என்று அழுத்திச் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பிரான்சிஸ் வீரபாண்டி வரை சர்ஜன் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அருள்செல்வி ஜன்னல் வழியாக வாழைத்தோட்டங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். ஓடைப்பட்டி பஸ் பிடிக்கச் சின்னமனூரில் இறங்கவேண்டும். இறங்கினார்கள். ஓடைப்பட்டி பஸ் புறப்படத் தயாராக நின்றது. பிரான்சிஸ் அதில் ஏறவில்லை.

"ஏத்தா."

"என்னங்க?"

"அந்த டாக்டரு இங்கனதான இருக்காரு? அஜய்குமாரு?"

"ஆமா."

"வந்தது வந்துட்டோம். ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோமா?"

"உங்க சட்டம் என்னாகுறது?"

"சட்டத்தத் திருத்தியாச்சு. நட."

வழியெல்லாம் பிரான்சிஸ் முன்னால் நடந்தார். அந்தத் திருத்தத்தைத் தானே கொண்டுவந்தோம் என்பதில் அவருக்கு ஒரு பெருமைகூட வந்துவிட்டது. நல்ல காரியத்துக்குக் குடும்பத் தலைவன் முன்கை எடுக்கவேண்டும். நாளைக்கு டீக்கடையில் எவனாவது கேட்டால், ஆமாடா, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன் என்று சொல்லலாம். ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் அதே மிடுக்கோடு கையை ஊன்றினார்.

"தங்கச்சி, புதுசா ஒரு பேர் பதியணும். அருள்செல்வி. ஓடைப்பட்டி."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவரைத் தாண்டிப் பின்னால் பார்த்துச் சிரித்தாள். "வாங்க அக்கா! இப்ப மூச்சு வாங்குறது பரவாயில்லையா? இரும்பு மாத்திரை ஒத்துக்கிச்சா?" பதில் வருவதற்குள் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜையில் போட்டாள். நல்ல தடிமன். ஸ்கேன் படம் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பிரான்சிஸ் ஃபைலைப் பார்த்தார். அருள்செல்வியைப் பார்த்தார். திரும்பவும் ஃபைலைப் பார்த்தார்.

"அண்ணன் யாருக்கா?"

"எங்க வீட்டுக்காரக."

"அய்யோ, குவைத் அண்ணனா!" அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "எப்பண்ணே வந்தீக? நீங்க வந்தாத்தான் ஆபரேஷன்னு அக்கா மூணு தடவையா தேதியத் தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தாக. உக்காருங்கண்ணே, டாக்டர்ட்டச் சொல்லிட்டு வர்றேன்."

பிரான்சிஸ் உட்கார்ந்தார்.

"குவைத்தா?"

"மெதுவாப் பேசுங்க."

"எத்தன தடவ வந்திருக்க?"

"நாலு. சந்தனம் மதினி கூட வந்துச்சு. நீங்க தோட்டத்துக்குப் போனதும் பத்து மணி பஸ்ஸுக்கு வந்துட்டு, ரெண்டு மணிக்குத் திரும்பிருவோம்."

"மாத்திரையெல்லாம்?"

"அரிசிப் பானைக்குள்ள."

"சரி, டாக்டர்ட்ட வந்த. அதுக்கு எதுக்கு என்னையக் குவைத்துக்கு அனுப்புன?"

அருள்செல்வி சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

"மொத நாளே கேட்டாக, வீட்டுக்காரர் வரலையான்னு. இங்கன எட்டுற தூரத்துல இருந்துக்கிட்டு வரமாட்டேங்குறாகன்னு சொல்ல எனக்கு நாக்கு எழல. உங்கள அவுக கேவலமா நினைச்சுருவாகளேன்னு இருந்துச்சு. குவைத்துல இருக்காகன்னு சொல்லிட்டேன்."

பிரான்சிஸைக் காப்பாற்ற அவள் பொய் சொல்லியிருக்கிறாள். மூச்சு வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி வந்து, யாரோ ஒரு ரிசப்ஷன் பெண்ணிடம் அவர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். இந்த நேரத்தில் குடிக்கத் தண்ணீர்கூட அங்கே இல்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"நீ மட்டும் உள்ள போயி ஆபரேஷன் பண்ணியிருக்கலாம்ல? மதினிதான் கூட இருக்கே."

"கண்ண முழிக்கிறப்ப நீங்க இருக்கணும்ல" என்றாள் அருள்செல்வி.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் அஜய்குமார் எழுந்து கை கொடுத்தார். அருள்செல்வி சொன்னது சரிதான். ஒவ்வொன்றையும் அவளிடமே கேட்டார். அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் பேசாமல் இருந்தார். படம் போட்டுக் காட்டி, எங்கே கட்டி இருக்கிறது, என்ன செய்யப்போகிறோம், ஆபரேஷன் இல்லாமல் வேறு என்ன செய்து பார்க்கலாம் என்று அவளிடமே விளக்கினார். தேதியையும் அவளையே சொல்லச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை என்றாள். பிரித்துப் பிரித்துச் சொல்வதற்கு இவ்வளவு இருந்ததா என்று பிரான்சிஸ் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எத்தனை நாள் லீவு சார்?"

பிரான்சிஸ் மனைவியைப் பார்த்தார். தலையை நிமிர்த்தினார். ஒன்பது வருஷமாக அன்பியத்தில் ஒலித்த அந்தக் குரல் அப்போதுதான் அவருக்குத் திரும்பி வந்தது.

"இவ நல்லபடியா எந்திரிச்சு நடக்குற வரைக்கும் லீவு இருக்கு டாக்டர். எவ்வளவு நாளானாலும் இருப்பேன்."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் டாக்டர். "ஏன்னா, ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் அம்மா அடுப்படிப் பக்கமே போகக்கூடாது. இதச் சொன்னா வழக்கமா வீட்டுக்காரங்க முகம் தொங்கிடும். உங்களுக்கென்ன கவலை? குவைத்துல பெரிய ஹோட்டல்ல சமையல் மாஸ்டராமே!"

உப்பு டப்பா எது, சீனி டப்பா எது என்று இன்றுவரை தெரியாத பிரான்சிஸ் மெதுவாகத் திரும்பி அருள்செல்வியைப் பார்த்தார். அவள் சுவர்க் காலண்டரில் வெள்ளிக்கிழமை மேல் விரலை வைத்து, நிதானமாக ஆறு வாரத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.